உறை இறக்கும் முன் தெரிய வேண்டிய சொற்கள்

போன கார்த்திகை மாதம். வாழைக்கு மண் அணைத்துக்கொண்டிருந்தேன். தோட்டத்து வாசலில் செப்டிக் டேங்க் லாரி ஒன்று வந்து நின்றது.

“அண்ணாச்சி, நல்ல உரம். துட்டு ஒண்ணும் தர வேண்டாம். வாய்க்கால்ல திறந்து விட்டுட்டுப் போயிருதேன். வாழை கருகருன்னு வந்துரும்” என்றார் டிரைவர்.

உண்மையைச் சொல்கிறேன், எனக்கு ஆசைதான் வந்தது. ரசாயன உரத்தை விட்டுப் பன்னிரண்டு வருடம் ஆகிறது. கோரம்பள்ளம் குளத்துப் பாசனத்தில் கடைமடை நிலம். தொழு உரத்துக்கு அலைகிற பாடு நம் ஆட்களுக்குத் தெரியும். ‘இதுவும் இயற்கை உரம்தானே’ என்று மனசு சொன்னது. ஆனாலும், “கொஞ்சம் பொறுங்க தம்பி” என்று சொல்லிவிட்டு அக்கா மகளுக்குப் போன் போட்டேன். சிவில் டிப்ளமோ முடித்து, கான்கிரீட் உறையும் தொட்டியும் வார்க்கிற யார்டில் வேலை பார்க்கிறாள்.

“மாமா, விட்டுராதீங்க. ஞாயித்துக்கிழமை நேர்ல வந்து சொல்லுதேன்” என்றாள். லாரியைத் திருப்பி அனுப்பினேன்.

வந்தவள் முதலில் சொல்லிக்கொடுத்த சொல் செப்டேஜ். செப்டிக் டேங்கில் வருடக்கணக்கில் தேங்கி, லாரி உறிஞ்சி எடுக்கிற மலக்கசடு அது. சத்து இல்லாமல் இல்லை. ஆனால் கிருமியும் குடல்புழு முட்டையும் அதில் உயிரோடு இருக்கும். உருண்டைப்புழுவின் முட்டை மண்ணில் மாதக்கணக்கில், சில நேரம் வருடக்கணக்கில்கூடச் சாகாது. உலர்ந்த மலக்கழிவையே நம்மைப் போன்ற வெப்பமான ஊர்களில் ஒரு வருடத்துக்கு மேல் வைத்திருந்துதான் வயலுக்கு எடுக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். வாய்க்காலில் திறந்துவிட்டால், மறுநாள் வெறுங்காலோடு களை எடுக்க இறங்குகிற பெண்கள்தான் முதலில் அனுபவிப்பார்கள். தமிழக அரசு 2014-லேயே இதற்கு நடைமுறை வகுத்திருக்கிறது. கசடு சுத்திகரிப்பு நிலையத்துக்குத்தான் போக வேண்டும். செங்கல்பட்டு மாவட்டம் கருங்குழியில் இதற்கென்றே தனி நிலையம் இருக்கிறது.

“சரி மாமா, உங்க வீட்டு டேங்க் எங்க?” என்றாள். காட்டினேன். மூடியைத் தூக்கிப் பார்த்தவள் முகம் மாறிவிட்டது.

“இது டேங்க்கே இல்ல. வெறும் உறைகுழி.”

இதுதான் இரண்டாவது பாடம். செப்டிக் டேங்க் என்றால் அடித்தளம் உண்டு, நீர் கசியாத சுவர் உண்டு, நடுவில் தடுப்பு உண்டு. கசடு அடியில் படியும், தெளிந்த நீர் மட்டும் அடுத்த அறைக்குப் போகும். அந்த நீரும் சுத்தமானதல்ல. மண்ணில் இறங்க அதற்கென்று உறிஞ்சுகுழி வேண்டும். குடிநீர்க் கிணற்றிலிருந்து அந்தக் குழி 18 மீட்டர், அதாவது 60 அடியாவது தள்ளியிருக்க வேண்டும் என்பது இந்தியத் தர நிர்ணயம். என் வீட்டில் இருந்தது ஐந்து சிமெண்ட் உறை, அடியில் வெறும் மணல். கிணறு இருபது அடி தூரத்தில்.

வீடு கட்டின காண்ட்ராக்டர் ‘செப்டிக் டேங்க்’ என்றுதான் சொன்னார். நானும் தலையாட்டினேன். சொல்லுக்கு அர்த்தம் தெரியாமல் துட்டு கொடுத்தவன் நான்.

2023 டிசம்பர் வெள்ளம் ஞாபகம் இருக்கும். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. எங்கள் தெருவிலும் குழி எது, கிணறு எது என்று தெரியாமல் தண்ணீர் நின்றது. அதற்குப் பிறகு பேத்திக்கு அடிக்கடி வயிற்றுப்போக்கு. சாப்பாட்டில்தான் கோளாறு என்று மருமகளைக் கடிந்துகொண்டோம். இப்போது கிணற்றுத் தண்ணீரைச் சோதனைக்குக் கொடுத்தால், ஈ-கோலி இருக்கிறது என்று வந்தது. மனித, விலங்கு மலத்தில் இருக்கிற பாக்டீரியா அது. மருமகளிடம் மன்னிப்புக் கேட்டேன்.

புதுத் தொட்டி வைக்க முடிவு செய்தோம். இந்தத் தடவை கேள்வி கேட்டுத்தான் வாங்கினேன். யார்டிலேயே அச்சில் வார்த்து, ஈரம் காட்டி உறுதியாக்கிக் கொண்டுவந்து இறக்குவது பிரீகாஸ்ட், நம் சொல்லில் முன்வார்ப்பு. அதில் பார்க்க வேண்டியவை:

எம்-30: கான்கிரீட்டின் பலம். 28 நாளில் ஒரு சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 300 கிலோ தாங்க வேண்டும். கடற்கரைப் பகுதிக் கம்பிக் கான்கிரீட்டுக்கு இதுவே குறைந்த அளவு.

கவர்: கம்பிக்கு வெளியே இருக்கிற கான்கிரீட்டின் கனம். உப்புக்காற்று அடிக்கும் நம் பகுதிக்கு 45 மில்லிமீட்டர். இது குறைந்தால் கம்பி துருப்பிடித்து, ஊதி, சுவரைப் பிளக்கும்.

ஜாயிண்ட்: பலகையும் உறையும் எவ்வளவு நன்றாக இருந்தாலும் ஒழுகுவது சேர்மானத்தில்தான். ரப்பர் வளையமோ தகுந்த பூச்சோ இருக்கிறதா என்று கேளுங்கள். தண்ணீர் நிரப்பி, ஒருநாள் விட்டு, மட்டம் இறங்குகிறதா என்று பார்த்த பிறகே மண்ணை மூடுங்கள்.

மிதப்பு: மழைக்காலத்தில் நிலத்தடி நீர் மேலே வரும்போது காலித் தொட்டி படகு மாதிரி மேலே எழும்பும். ஐப்பசி, கார்த்திகையில் முழுவதும் காலி செய்யாதீர்கள்.

காற்றுக்குழாய்: அழுகிய முட்டை நாற்றம் ஹைட்ரஜன் சல்பைடு வாயு. நீர்மட்டத்துக்கு மேலுள்ள ஈரச் சுவரில் பாக்டீரியா அதைக் கந்தக அமிலமாக மாற்றும். அமிலம் கான்கிரீட்டை அரிக்கும். அதே வாயு ஆளையும் கொல்லும். எக்காரணம் கொண்டும் ஒருவரைத் தொட்டிக்குள் இறக்காதீர்கள். பாதுகாப்புச் சாதனம் இல்லாமல் இறக்குவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் குற்றம் என்கிறது.

இனி, சுத்திகரித்த நீரைப் பாசனத்துக்குத் தருகிறோம் என்று யாராவது வந்தால் கேட்க வேண்டிய இரண்டு சொற்கள். ஒன்று பி.ஓ.டி. நீரில் உள்ள அழுக்கைத் தின்ன நுண்ணுயிர்களுக்கு எவ்வளவு ஆக்சிஜன் தேவை என்ற கணக்கு. 1986-ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் விதிகளின் பொது அளவுப்படி லிட்டருக்கு ஆறு, குளத்தில் விட 30 மில்லிகிராம், பாசன நிலத்துக்கு 100. இரண்டாவது டி.டி.எஸ்., கரைந்த உப்பு. அதிகாரிகள் முதல் எண்ணைத்தான் சொல்வார்கள். சாதாரணச் சுத்திகரிப்பு நிலையம் அழுக்கைக் குறைக்கும், உப்பை எடுக்காது. பி.ஓ.டி.யில் பாஸான தண்ணீரே வாழையைக் கருக்கிவிடலாம். ஏற்கெனவே உவர் ஏறிய நம் மண்ணுக்கு இரண்டாவது எண்தான் உயிர்.

இது தோட்டத்தோடு முடிகிற விஷயமும் இல்லை. தூத்துக்குடி நகரத்துக் கழிவைச் சுமந்த பக்கிள் ஓடை போய்ச் சேருவது மன்னார் வளைகுடாவில். முத்துக்குளித்த பார்கள் இருந்த கடல் அது. சிப்பி, தண்ணீரை உறிஞ்சி வடிகட்டித்தான் தின்கிறது. நாம் விடுவதெல்லாம் அதன் வாய் வழியாகத்தான் போகும். அந்த வளைகுடாவின் 21 தீவுகளில் இரண்டு ஏற்கெனவே மூழ்கிவிட்டன. அரித்துக்கொண்டிருந்த வான் தீவைக் காக்க, துளையிட்ட முன்வார்ப்புக் கான்கிரீட் கட்டிகளை ஆயிரக்கணக்கில் கடலுக்குள் இறக்கியிருக்கிறார்கள். அலையும் தணிகிறது, பவளமும் மீனும் சேர்கின்றன. ஒரு பக்கம் கான்கிரீட் வைத்துக் கடலைக் காப்பாற்றிக்கொண்டு, மறுபக்கம் கசடை விட்டுக் கெடுப்பது என்ன நியாயம்?

பழைய குழியை லாரி வைத்து எடுத்தோம். சுத்திகரிப்பு நிலையத்தில் இறக்கின ரசீதைக் காட்டிய பிறகே டிரைவருக்குத் துட்டு கொடுத்தேன். குழியை மணல் போட்டு மூடினோம். புதுத் தொட்டியும் உறிஞ்சுகுழியும் கிணற்றிலிருந்து எழுபது அடி தள்ளி இருக்கின்றன. குளிக்கிற, துவைக்கிற தண்ணீர் தனியாகச் சரளைப் பாத்தி, கல்வாழை வழியாகத் தென்னைக்குப் போகிறது. கிணற்றை இறைத்து, குளோரின் போட்டு, மாசியில் மறுபடி சோதித்தோம். ஈ-கோலி இல்லை. பேத்தி நன்றாக இருக்கிறாள்.

மார்ச் 22 உலகத் தண்ணீர் நாளில் நம் ஊர்களில் கிராம சபை கூடும். உழவர் சொந்தங்களே, போய் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: “நம்ம ஊர்ல எடுக்கிற கசடு எங்க போகுது?” பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். அதற்கு முன்னால் உங்கள் வீட்டு மூடியையும் ஒருதடவை தூக்கிப் பார்த்துவிடுங்கள்.