பரணில் கிடக்கும் பிரிக் கேம்

1990களில் திருவிழாக் கடைகளிலும் பஜார் கடைகளிலும் சிறுவர் மனத்தைக் கொள்ளைகொண்ட ‘பிரிக் கேம்’ என்னும் சீனத்து விளையாட்டுக் கருவி, இன்று கோவில்பட்டி வட்டாரத்து வீடுகளில் பரண்மேலோ டிரங்குப் பெட்டியிலோ, செல்லைக் கழற்றாமல் வைத்த குற்றத்தால் உப்புப் பூத்துக் கிடக்கக்கூடும். அதைப் பழைய இரும்புக்காரரிடம் போடுமுன் ஒருமுறை திறந்து பார்ப்பது நலம் என்பது என் அபிப்பிராயம்.

அதைச் செப்பனிட்டுவிடலாம் என்ற நம்பிக்கைக்கு ஆதாரம் கையடக்க விளையாட்டுக் கருவிகளின் வம்சத்திலேயே இருக்கிறது. 1980-இல் ‘கேம் அண்ட் வாட்ச்’ கருவியையும் 1989-இல் தம் குழுவினரோடு ‘கேம் பாய்’ கருவியையும் உருவாக்கிய நின்டெண்டோ கம்பெனியின் குன்பெய் யோகோய், புத்தம்புதிய தொழில்நுட்பத்தை நாடாமல், நன்கு பழகி மலிவாகிவிட்டதையே நூதனமாகப் பிரயோகிக்க வேண்டும் என்ற கொள்கையுடையவர். அதே 1989-இல் வந்த அட்டாரி லிங்க்ஸ் கருவி, வர்ணத் திரையின் பொருட்டு ஆறு செல்களைச் சில மணி நேரத்தில் விழுங்கிவிட, நான்கே சாயல்கள் காட்டிய கேம் பாய் நான்கு பென்சில் செல்களில் பத்து மணி நேரத்துக்கு மேலும் உழைத்தது. மானாவாரியில் கம்பும் சோளமும் பருத்தியும் விதைத்து, கிடைக்கிற ஈரத்துக்குத் தக்கபடி வெள்ளாமை செய்யும் கரிசல் சம்சாரிக்கு இந்த விவேகத்தை விளக்க வேண்டியதில்லை. மாஸ்கோவில் அலெக்ஸி பஜித்னோவ் 1984-இல் படைத்த டெட்ரிஸ் ஆட்டத்தை மூலமாகக் கொண்ட பிரிக் கேம், 9999 ஆட்டங்கள் என்று மேலுறையில் பெருமை பேசினாலும், உள்ளே சில ஆட்டங்களும் அவற்றின் வேக பேதங்களும் மட்டுமே கொண்ட எளிய யந்திரம். எளிமையாகச் செய்யப்பட்டதனாலேயே அதை எளியவரும் செப்பனிடலாம்.

சிறு ஸ்டார் திருப்புளியால் பின்மூடியைக் கழற்றியதும் முதலில் நோக்க வேண்டியது செல் அறையின் சுருள்கம்பி. சாதாரணச் செல்லின் கசிவு அமிலத் தன்மையுடையதாகையால் சமையல் சோடாக் கரைசலாலும், அல்கலைன் செல்லின் வெண்பூச்சு காரமாகையால் எலுமிச்சைச் சாற்றாலும் பஞ்சில் தொட்டுத் துடைத்து, பின்பு ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் சுத்தம் செய்து உலர்த்த வேண்டும். துரு தின்ற கம்பியை மாற்றிச் சால்டரிங் அயனால் பற்றவைத்தபின், இரண்டு செல் போடும் கருவியானால், 3 வோல்ட் மின்சுற்றுப் பலகை வரை வந்து சேர்கிறதா என்று மல்டிமீட்டரில் பார்த்துக்கொள்ளலாம்.

பொத்தான் அமுங்கியும் காய் நகராவிட்டால் நம் மண்ணையும் சந்தேகிக்கலாம். கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும் கரிசலின் நுண்தூசி, ரப்பர்ப் பொத்தானின் அடியிலுள்ள கரிப்பூச்சுக்கும் பலகைக்கும் இடையே புகுந்தால் மின்னோட்டம் தடைப்படும். ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் மெல்ல ஒற்றி எடுத்தால் போதும்; அழுத்தித் தேய்த்தாலோ பூச்சே போய்விடும். திரையில் கட்டங்கள் சில தோன்றாவிட்டால், திரையையும் பலகையையும் இணைக்கும் பட்டை தளர்ந்திருக்கலாம். வெப்பத்தால் ஒட்டிய பட்டையானால், மிதமான சூட்டில் அயனை அதன்மேல் லாகவமாக ஓட்டினால் பசை இளகி மறுபடியும் பற்றிக்கொள்ளும். கேம் பாய் திரையில் நெடுக்குக் கோடுகள் விழும் நோய்க்கும் இதுவே கைகண்ட வைத்தியம்.

பலகையின் நடுவே கரும்பிசின் மூடிய சில்லு பழுதாகியிருந்தால் வீட்டில் பரிகாரமில்லை. ஆயினும் மின்சாரம், பொத்தான், திரை ஆகிய மூன்றையும் சோதித்த பின்பே அந்த முடிவுக்கு வர வேண்டும். பிழைத்தெழுந்த கருவியில் பேரப்பிள்ளைகள் ஆடி முடித்த கையோடு செல்லைக் கழற்றி வைத்துவிட்டால், இதே வைத்தியத்தை மறுபடியும் செய்ய நேராது.