ஒலிபெருக்கிக்குள் ஒரு பங்கீடு

ஒலிபெருக்கிப் பெட்டியின் முன்பக்க வலையைக் கழற்றிப் பார்த்தால், பெரும்பாலும் உள்ளே இரண்டு ஒலிப்பான்கள் இருக்கும். பெரியதன் பெயர் வூஃபர். சிறியதன் பெயர் டுவீட்டர். ஒரே பாடலை ஒலிக்க இரண்டு எதற்கு?

மனிதச் செவி ஏறக்குறைய 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரையிலான அதிர்வெண்களை உணரும். தவிலின் தாழ்ந்த ஒலியை எழுப்ப நிறையக் காற்றைத் தள்ள வேண்டும். அதற்கு அகன்ற கூம்பு தேவை. தாளத்தின் கணீர் ஒலிக்கோ நொடிக்குப் பல்லாயிரம் முறை அதிர வேண்டும். கனமான கூம்பால் அவ்வளவு விரைவாக அசைய இயலாது. மாறாக, வலிமையான தாழ்ந்த ஒலிகள் டுவீட்டருக்குச் சென்றால், அதன் மெல்லிய கம்பிச்சுருள் சூடேறிக் கருகிவிடக்கூடும்.

எனவே, ஒலிகளைப் பிரித்து அனுப்ப ஒரு மின்சுற்று தேவைப்படுகிறது. அதுவே ‘கிராஸ்ஓவர்’. எளிய கிராஸ்ஓவரில் கம்பிச்சுருளும் மின்தேக்கியும் இருக்கும். கம்பிச்சுருள் தாழ்ந்த அதிர்வெண்களை வூஃபருக்கு விடும், உயர்ந்தவற்றைத் தடுக்கும். மின்தேக்கி உயர்ந்த அதிர்வெண்களை டுவீட்டருக்கு விடும்; தாழ்ந்தவற்றைத் தடுக்கும்.

இந்தத் தடை சுவர் போன்றதன்று, மலைச்சரிவு போன்றது. பிரிவு எல்லை 2,500 ஹெர்ட்ஸ், சரிவு 12 டெசிபல் எனக் கொள்வோம். எல்லைக்குக் கீழே அதிர்வெண் பாதியாகும் ஒவ்வொரு முறையும், டுவீட்டருக்குச் செல்லும் மின்னழுத்தம் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்காகக் குறையும். 24 டெசிபல் சரிவில் அது பதினாறில் ஒரு பங்காகிவிடும். சரிவு செங்குத்தாக இருந்தால் டுவீட்டருக்குப் பாதுகாப்பு கூடும்.

சரிவு இருப்பதால், எல்லையை ஒட்டிய பகுதியில் இரண்டும் சேர்ந்தே ஒலிக்கும். அஞ்சல் ஓட்டத்தில் கோலை மாற்றும்போது இருவரும் சிறிது தூரம் ஒன்றாக ஓடுவதைப் போன்றது இது. இருவரின் வேகமும் பொருந்தாவிட்டால் கோல் தவறும். அவ்வாறே, இரண்டு ஒலிப்பான்களின் அதிர்வுகளும் எதிரெதிராக அமைந்தால் ஒன்றையொன்று அழித்து, அவ்விடத்தில் ஒலி குன்றும். இதனைத் தவிர்க்க, 1976இல் சீக்ஃபிரீட் லிங்க்விட்ஸ் விளக்கிய முறை இன்றும் பயன்படுகிறது. அதில் எல்லைப் புள்ளியில் இரண்டும் ஆளுக்குப் பாதி ஒலியழுத்தம் தர, கூட்டொலி முழுமையாகிறது.

பேச்சைத் தெளிவாக்கும் மெய்யொலிகள் பல, 2,000 ஹெர்ட்ஸுக்கு மேல்தான் உள்ளன. எல்லையில் ஒலி குன்றினால் குரல் கேட்கும், சொல்லின் தெளிவு குறையக்கூடும். அப்போது ஒலியளவை மட்டும் கூட்டிப் பயனில்லை. பங்கீட்டைச் சீர்செய்ய வேண்டும்.