உடம்பு மறக்காத சிறுவயதுக் காயங்கள்

ஹிரா குகையில் முதல் வஹீ இறங்கிய பிறகு, நபி (ஸல்) அவர்கள் இதயம் படபடக்க வீடு திரும்பினார்கள். வந்ததும் தம்மைப் போர்த்திவிடுமாறு கேட்டார்கள். கதீஜா (ரலி) அன்னையார் உடனே விசாரணையில் இறங்கவில்லை. போர்த்தினார்கள். பயம் நீங்கும் வரை பொறுத்திருந்தார்கள். அதன் பிறகுதான் நபியவர்கள் நடந்ததைச் சொன்னார்கள், அன்னையாரும் ஆறுதல் கூறினார்கள். ஸஹீஹுல் புகாரியின் தொடக்கத்திலேயே வரும் இந்த நிகழ்ச்சியைப் பலமுறை பயான்களில் கேட்டிருக்கிறோம். அதிலுள்ள வரிசையைத்தான் கவனிக்கத் தவறுகிறோம். முதலில் உடல் அமைதியடைந்தது, பேச்சு பிறகு வந்தது.

நம் வீடுகளில் பெரும்பாலும் இது தலைகீழாக நடக்கிறது. நடுங்கி அழும் பிள்ளையிடம், "எதுக்குடா அழுவுறே? சொல்லித் தொலை!" என்று அதட்டுகிறோம். பயத்தில் உறைந்த பிள்ளைக்கு வார்த்தை வராது. அழுகையையும் அடக்கிக்கொள்ளும். அடக்கப்பட்ட அந்தப் பயம் பிறகு எங்கே போகிறது?

கடை நடத்தும் முப்பத்தைந்து வயதுக்காரர் ஒருவரை எண்ணிப் பாருங்கள். யாராவது குரலை உயர்த்தினால் அவருடைய தோள்கள் மேலேறுகின்றன, வயிறு இறுகுகிறது. மனைவி பாத்திரத்தைச் சற்றுத் தட்டி வைத்தாலே எரிந்து விழுவார், அல்லது இரண்டு நாள் பேசவே மாட்டார். என்ன என்று கேட்டால் "ஒண்ணுமில்லையே" என்பார். அது பொய்யல்ல. அவருக்கு உண்மையிலேயே எதுவும் நினைவில் வரவில்லை. ஆனால் ஏழு வயதில், வாசலில் வாப்பாவின் செருப்புச் சத்தம் கேட்டதும் மூலையில் ஒடுங்கி நின்ற அதே உடம்புதான் இது. ஆபத்தை உணர்த்தும் அமிக்டலா என்ற மூளைப்பகுதி, நாம் யோசித்து முடிக்கும் முன்பே இதயத்துடிப்பைக் கூட்டி, தசைகளை இறுக்கி, உடலைத் தயார்ப்படுத்திவிடும். சத்தம் என்றால் அடி என்று சிறுவயதில் பழகிவிட்டால், பாத்திரச் சத்தத்துக்கும் அது அப்படியே வேலை செய்யும்.

அமெரிக்காவின் சான் டியாகோ நகரில் வின்சென்ட் ஃபெலிட்டி, ராபர்ட் அண்டா என்ற இரு மருத்துவர்கள் 17,000க்கும் மேற்பட்டவர்களிடம் நடத்திய ஆய்வின் முதல் முடிவுகள் 1998இல் வெளியாயின. சிறுவயதில் அடி, அவமானம், புறக்கணிப்பு, வீட்டில் தாய் தாக்கப்படுவதைப் பார்த்தல் போன்றவற்றை எத்தனை வகையில் அனுபவித்திருந்தார்களோ, அந்த அளவுக்குப் பிற்காலத்தில் மனச்சோர்வு மட்டுமல்ல, இதயநோய்க்கான வாய்ப்பும் கூடியிருந்தது. இது வாய்ப்புதான், தலைவிதியல்ல. ஆனாலும் "சின்ன வயசுல நடந்தது, அதெல்லாம் மறந்திருக்கும்" என்று நாம் சுலபமாகச் சொல்வதை அது கேள்விக்குள்ளாக்கியது.

சபர் வாழ்க்கை நம் சமூகத்துக்குத் தந்த ஒரு காயத்தையும் இங்கே சொல்ல வேண்டும். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஊர் வரும் வாப்பா, இரண்டு மாதம் பிள்ளையைத் தோளிலேயே வைத்திருப்பார். பிறகு ஒரு நாள் பெட்டி கட்டும் சத்தம். பிள்ளை அழுமே என்று, அது தூங்கும்போதே கிளம்பிவிடுவதும் உண்டு. நல்ல எண்ணம்தான். ஆனால் விழித்துப் பார்க்கும் பிள்ளைக்கு அதன் பிறகு தூங்கவே பயமாகிவிடலாம். வளர்ந்து மணமாகிய பின்னும், கணவர் வெளியூர் கிளம்பினால் ஏனென்று தெரியாமல் தொண்டை அடைப்பதாகவும் வயிற்றைப் புரட்டுவதாகவும் அது வெளிப்படலாம். இதில் குற்றவாளி என்று யாருமில்லை. யாரும் கை ஓங்காமலும் காயம் உண்டாகும்.

இதையெல்லாம் ஈமான் குறைவு என்று சொல்லி வாயடைப்பவர்கள் குர்ஆனைச் சற்று நிதானமாக ஓதிப் பார்க்கட்டும். பிள்ளையைப் பிரிந்த துக்கத்தில் யஃகூப் (அலை) அவர்களின் கண்கள் வெளுத்துப்போனதை யூசுஃப் அத்தியாயம் சொல்கிறது. ஃபிர்அவ்னிடம் போகுமாறு பணிக்கப்பட்ட மூஸா (அலை) அவர்கள், தம் நெஞ்சு நெருக்கடிக்குள்ளாவதையும் நாவு சரளமாக வராததையும் அல்லாஹ்விடமே எடுத்துச் சொன்னார்கள். துயரமும் அச்சமும் உடலில் எங்கே தங்குகின்றன என்று சொல்வது நபிமார்களுக்கே குறையாக இருக்கவில்லை. 934இல் மறைந்த அபூ ஸைத் அல்பல்கீ என்ற அறிஞரும் உடல்நலம், மனநலம் இரண்டையும் ஒரே நூலில் சேர்த்து எழுதியவர்தான்.

உடலைக் கவனிப்பது என்றால் என்ன? கடினமான நினைவைத் தோண்டி எடுப்பதல்ல. எளிய நேரத்தில் தொடங்க வேண்டும். வுளூ செய்யும்போது முழங்கையில் நீரின் குளிர்ச்சி தெரிகிறதா, பாதம் தரையில் பதிந்திருப்பது தெரிகிறதா? இவ்வளவுதான் முதல் பாடம். (தொழுகையை மூச்சுப்பயிற்சியாக ஆக்கிவிடச் சொல்வதாக யாரும் எண்ண வேண்டாம். இபாதத் இபாதத்தான். நிதானமாகச் செய்யும்போது உடலும் அமைதி பெறுவது அல்லாஹ்வின் அருள்.)

இது கொஞ்சம் பழகிய பிறகு, கோபமோ பதற்றமோ எழும் நேரத்தில் "ஏன்" என்று கேட்காமல் "எங்கே" என்று கேளுங்கள். தாடையிலா, நெஞ்சிலா, அடிவயிற்றிலா? இறுக்கமா, சூடா, நடுக்கமா? அதை விரட்ட வேண்டாம். சில நொடிகள் கவனித்துவிட்டு, கவனத்தைப் பாதத்துக்குக் கொண்டு வாருங்கள். உள்ளிழுப்பதைவிட மெதுவாக மூச்சை வெளிவிடுங்கள். மூச்சு வெளியேறும்போது இதயத்துடிப்பு இயல்பாகவே சற்றுக் குறையும். கதவு, ஜன்னல், மின்விசிறி என்று அறையைச் சுற்றிப் பாருங்கள். இது அந்தப் பழைய மூலையல்ல, நான் இப்போது ஏழு வயதுப் பிள்ளையல்ல என்பதை உடம்பு இப்படித்தான் மெல்ல மெல்லக் கற்கும். கோபம் வந்தால் நிற்பவர் உட்காரவும், அப்போதும் தணியாவிட்டால் படுக்கவும் நபி (ஸல்) அவர்கள் கற்றுத்தந்தது அபூதாவூதில் இருக்கிறது. உடலின் நிலையை மாற்றுவதுதான் அதிலும் முதல் வேலை.

நெஞ்சுவலி, மூச்சுத்திணறல் என்றால் மருத்துவரைப் பார்த்து இதயத்தைச் சோதித்துக்கொள்வதே முதலில். பாலியல் கொடுமைக்கு ஆளானவர்கள், உடலைக் கவனித்தாலே பதறிப்போகிறவர்கள், தற்கொலை எண்ணம் உள்ளவர்கள் தனியாக இதைச் செய்து பார்க்க வேண்டாம். பயிற்சி பெற்ற உளவியலாளர் துணை அவசியம். இத்தகைய பாதிப்புகளுக்கென்றே உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கும் உளவியல் சிகிச்சைகள் உள்ளன. உடலைக் கவனிப்பது அவற்றுக்குத் துணை நிற்கலாம், மாற்றாகாது. ஓதிப் பார்ப்பதையும் துஆவையும் இதற்காக விட வேண்டியதில்லை.

பெற்றோருக்கு இதில் ஒரு கூடுதல் பயன் உண்டு. பிள்ளையை அடிக்க ஓங்கும் கையில், ஓங்குவதற்கு முன்பே ஓர் இறுக்கம் வந்திருக்கும். அதைக் கண்டுகொள்ளும் தாய்க்கும் தகப்பனுக்கும் இரண்டு நொடி கிடைக்கிறது. அந்த இரண்டு நொடியில் உட்கார்ந்துவிட முடியும். சபர் கிளம்பும் வாப்பாமார்கள், பிள்ளை விழித்திருக்கும்போதே மடியில் வைத்து, "நான் போறேன், இன்ஷா அல்லாஹ் நாளைக்கு ராத்திரி போன்ல பேசுவேன்" என்று சொல்லிவிட்டுப் போகலாம். பிள்ளை அழும். அழட்டும். அணைத்துக்கொள்ள உம்மாவின் கை பக்கத்தில் இருந்தால் போதும்.

மனநல ஆலோசனைக்கு இந்திய அரசின் டெலி மானஸ் எண் 14416. கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம். பிள்ளைகள் ஆபத்தில் இருந்தால் 1098. இந்த எண்ணைப் பிள்ளைகளுக்கும் சொல்லி வையுங்கள்.