ரூபாயின் மதிப்பைக் குறைத்த ஒரு தமிழ் நிதியமைச்சர்

டாலர் ஏறினால் ஆம்பூர் ஷூ கம்பெனிக்காரருக்குச் சந்தோஷம். வெளிநாட்டுக்காரன் ஒரு ஜோடிக்குக் கொடுப்பது அதே டாலர்தான், கைக்கு வரும் ரூபாய் கூடுதல். ஆனா வெளியிலிருந்து வரும் கெமிக்கலும், ஆவாரம்பட்டை இருந்த இடத்தைப் பிடித்த ஆப்பிரிக்க வாட்டில் சாறும் விலை ஏறிடும். இந்தக் கணக்கை ஒரு நாடு முழுவதற்கும் போட வேண்டி வந்தவர் சர் வீராசாமி ரிங்காடு, மொரிஷியஸ் தமிழர். 1968 முதல் 1982 வரை, 14 வருஷம், அந்த நாட்டின் நிதியமைச்சர்.

1920இல் போர்ட் லூயியில் பிறந்தவர், லண்டனில் சட்டம் படித்தவர், தொழிலாளர் கட்சிக்காரர். 1968 மார்ச் 12இல் சுதந்திரம் வந்தபோது நாட்டின் ஏற்றுமதியில் 90 சதவீதத்துக்கும் மேல் சர்க்கரை. ஒரு புயல் அடித்தால் பட்ஜெட் காலி.

1970இல் ஏற்றுமதி மண்டலச் சட்டம் வந்தது. மண்டலம்னா வேலி போட்ட இடம் இல்லை. தீவில் எங்கே தொழிற்சாலை வைத்தாலும் வரிச்சலுகை, மூலப்பொருளுக்குத் தீர்வை கிடையாது. (யோசனை பேராசிரியர் லிம் ஃபாட்டுடையது. எல்லாப் புகழையும் அமைச்சருக்கே எழுதிவிட வேண்டாம்.) வேலைக்குச் சேர்ந்தவர்களில் பெண்களே அதிகம், நம்ம ஷூ கம்பெனிகள் மாதிரியே. அவர்களுக்கான கூலியும் குறைவு.

1974இல் உலகச் சந்தையில் சர்க்கரை விலை எகிறியது. அடுத்த வருஷம் லோமே ஒப்பந்தம் மூலம் ஐரோப்பா வருஷத்துக்குச் சுமார் 5 லட்சம் டன் சர்க்கரையை நிச்சய விலைக்கு வாங்க ஒப்புக்கொண்டது. கையில் காசு. சம்பளம் ஏறியது, அரிசிக்கும் மாவுக்கும் மானியம், 1977இல் இலவச இடைநிலைக் கல்வி. அப்புறம் சர்க்கரை விலை விழுந்தது, பெட்ரோல் விலை ஏறியது. செலவு மட்டும் இறங்கவே இல்லை. என் பார்வையில் ரிங்காடு சறுக்கியது இங்கேதான், மதிப்பைக் குறைத்ததில் அல்ல.

ஐ.எம்.எஃப். வந்தது. எஸ்.டி.ஆர். என்பது அவர்களின் கணக்கு நாணயம். அதில் ஒன்றுக்கு 7.7 ரூபாயாக இருந்த மதிப்பு 1979 அக்டோபரில் 10 ரூபாய் ஆனது. 1981 செப்டம்பரில் 12. ஏற்றுமதி செய்பவருக்கு லாபம் சரி. ஆனால் அந்தத் தீவு சாப்பிடும் அரிசியே கப்பலில்தான் வருது. அதே சமயத்தில் மானியத்தையும் குறைத்தார்கள். சட்டை தைத்துக் கொடுக்கும் பெண்ணுக்குக் கம்பெனியின் லாபத்தில் பங்கில்லை, அரிசி விலை ஏற்றத்தில் மட்டும் முழுப் பங்கு.

1982 ஜூன் தேர்தலில் மொரிஷியஸ் தீவின் 60 இடங்களையும் எதிரணி அள்ளியது. ரிங்காடும் தோற்றார். வேடிக்கை என்னன்னா, அடுத்து நிதியமைச்சரான பால் பெராஞ்சேயும் கிட்டத்தட்ட அதே ஐ.எம்.எஃப். பாதையில்தான் போனார், ஒரு வருஷத்துக்குள் பதவி விலகினார். 1980களின் கடைசியில் ஆலைகளுக்கு ஆள் கிடைக்காத அளவுக்கு வேலை பெருகியது. அந்தப் பெயர் பின்னால் வந்தவர்களுக்குப் போனது.

தோற்கடித்த அணியின் பிரதமர் அனிரூத் ஜக்நாத் ஆட்சியிலேயே, 1986இல், ரிங்காடு கவர்னர் ஜெனரல் ஆனார். 1992இல் நாடு குடியரசானபோது முதல் ஜனாதிபதியும் அவரே, நாலு மாசம்கூட இல்லை. 2000இல் காலமானார். மொரிஷியஸ் ரூபாய்த் தாளில் தமிழ் எழுத்து உண்டு. 100 ரூபாய்த் தாளில் இன்னொரு தமிழ் அரசியல்வாதியான ரெங்கநாதன் சீனிவாசனின் முகம். அந்த ரூபாயை 14 வருஷம் நிர்வகித்தவரின் முகம் எந்தத் தாளிலும் இல்லை.