பிழை என்று பெயர் வைப்பவன்

2018 செப்டம்பர் 16. டென்வர் பிராங்கோஸ், ஓக்லண்ட் ரெய்டர்ஸ் அணிகளுக்கிடையே அமெரிக்கக் கால்பந்து ஆட்டம். முடியும் தறுவாயில் டென்வர் 17-19 என்று பின்தங்கியிருக்கிறது. ஆனால் பந்து அவர்களிடம். கம்பங்களுக்கிடையே ஓர் உதை, 3 புள்ளி, வெற்றி. அந்த நேரம் நியூ ஜெர்சியில் ஃபேன்டுவல் நிறுவனத்தின் பந்தயக் கவுண்டரில் ஒருவர் டென்வர் மேல் 110 டாலர் கட்டுகிறார். கணினி அச்சடித்துக் கொடுத்த விகிதம் ஒன்றுக்கு 750. டென்வர் ஜெயித்தது. சீட்டின்படி அவருக்கு 82,610 டாலர் வரவேண்டும். தரமுடியாது என்றார்கள். ஆறு கட்டினால் ஒன்று லாபம் என்பதுதான் சரியான விகிதமாம். அப்படிப் பார்த்தால் அவர் லாபம் சுமார் 18 டாலர். 500 டாலரும் சில ஆட்டங்களுக்கு டிக்கெட்டும் தர்றோம், வாங்கிக்குங்க என்று பேரம். அவர் மறுத்தார்.

தமிழ் எம்.ஏ. படித்தவனுக்குச் சூதாட்டத்தில் என்ன வேலை என்று நண்பர்கள் கேட்கிறார்கள். எனக்கு இதில் தெரிவது ஒரு பிரதி. பந்தய நிறுவனங்களின் விதிகளில் வழக்கமாக ஒரு ஷரத்து உண்டு: விகிதம் 'வெளிப்படையான பிழை'யாக இருந்தால் பந்தயம் செல்லாது, அல்லது 'சரியான' விகிதத்தில் கணக்குத் தீர்க்கப்படும். எழுதி வெளியிட்டபின், 'நான் சொல்லவந்தது அதுவல்ல' என்று சொல்லும் உரிமையை இலக்கிய ஆசிரியனிடமிருந்து நாம் எப்போதோ பிடுங்கிவிட்டோம். பந்தயக்காரனிடம் மட்டும் அது பத்திரமாக இருக்கிறது.

அவன் தரப்பிலும் நியாயம் இல்லாமலில்லை. 1939இல் லண்டனில் முயல்தோல் வழக்கு ஒன்று வந்தது. அந்த வியாபாரத்தில் தோலை எண்ணிக்கைக்குத்தான் விலை பேசுவார்கள். விற்பவர் தவறிப்போய் பவுண்டு எடைக்கு என்று எழுதிவிட்டார். ஒரு பவுண்டுக்கு மூன்று தோல் நிற்கும். ஆக மூன்றில் ஒரு பங்கு விலை. வாங்குபவருக்கு இது பிழை என்று தெரியாதிருக்க முடியாது, எனவே ஒப்பந்தம் செல்லாது என்றது நீதிமன்றம். அடுத்தவன் கைதவறியதைத் தெரிந்தே பிடுங்கிக்கொள்ளக்கூடாது என்பது நல்ல அறம்தான். ஒன்றுக்கு 750 என்பதைப் பார்த்தவருக்கும் உள்ளுக்குள் தெரிந்திருக்குமே என்று கேட்டால், தெரிந்திருக்கலாம் என்றுதான் நானும் சொல்வேன்.

ஆனால் பந்தயம் முயல்தோல் அல்ல. தோலுக்குச் சந்தை விலை உண்டு. பந்தயமோ விலை தப்பு என்கிற நம்பிக்கையின் மேலேயே நடக்கிறது. 'இவன் கணக்கு தப்பு, எனக்குத் தெரியும்' என்று நினைப்பவன்தான் பணம் கட்டுகிறான். அந்த நினைப்பைக் குற்றமாக்கினால் கடையையே மூட வேண்டியதுதான். பந்தயம் கட்டுபவனின் பிழைக்கோ பெயரே கிடையாது. வேறு குதிரையின் எண்ணைச் சொல்லிவிட்டேன், ஒரு பூஜ்யம் கூடிப்போச்சு என்று அடுத்த நாள் போய் நின்று பாருங்கள். 'பார்த்துக் கட்டியிருக்கணும்' என்பார்கள். அதே தப்பான விகிதத்தில் கட்டித் தோற்றவனைத் தேடிப் பணத்தைத் திருப்பித் தர வேண்டிய அவசியமும் அந்த ஷரத்தில் இல்லை. எந்த விகிதத்தில் கணக்குப் பார்த்தாலும் தோற்றவன் தோற்றவன்தான். ஆக, வென்றவன் சீட்டோடு வந்து நிற்கும்போதுதான் பிழை பிழையாகிறது. ஆட்டத்துக்கு முன்பே கண்டுபிடித்துச் சொல்லிப் பணத்தைத் திருப்பட்டும், எனக்கு ஆட்சேபமில்லை. முடிவு தெரிந்தபின் கண்டுபிடித்தால், அச்சடித்ததைக் கொடுத்துத்தான் ஆகவேண்டும்.

இங்கிலாந்தில் 1845ஆம் ஆண்டுச் சட்டம் பந்தயக் கடனை நீதிமன்றத்துக்கு வெளியே நிறுத்தியிருந்தது. புக்கியின் நாணயம் ஒன்றுதான் பிணை. நாணயம் என்ற சொல் நம்மிடம் காசையும் குறிக்கிறது, வாக்குத் தவறாமையையும் குறிக்கிறது. அங்கே முதலாவதை வைத்திருந்தவன் கையிலேயே இரண்டாவதையும் விட்டுவைத்தார்கள். (நம் 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 30ஆம் பிரிவும் அதே வழிதான்.) 2005ஆம் ஆண்டுச் சூதாட்டச் சட்டம் 2007 செப்டம்பரில் இதை மாற்றிய பிறகே, வென்றவர் வழக்குப்போட முடிந்தது.

அப்படிப் போட்டவர்களில் ஒருவர், 2018 ஜனவரியில் பெட்ஃபிரெட் நிறுவனத்தின் இணையச் சீட்டாட்டத்தில் 17 லட்சம் பவுண்டுக்கு மேல் ஜெயித்தவர். சில நாள் கழித்து, மென்பொருளில் கோளாறு, பணம் இல்லை என்றார்கள். வெளியே பேசாமலிருக்க 60,000 பவுண்டு தருவதாகவும் சொல்லிப் பார்த்தார்கள். 2021இல் உயர் நீதிமன்றம் அவருக்குத் தீர்ப்பளித்தது. காரணம் எனக்குப் பிடித்திருந்தது: நிறுவனம் தப்பிக்க நம்பிய ஷரத்துகள் தெளிவாகவும் இல்லை, ஆடுபவரின் கண்ணில் படும்படி வைக்கப்படவும் இல்லை. நாம் கவிதைக்குச் செய்கிற நெருக்கமான வாசிப்பை அந்த நீதிபதி ஒரு நிறுவனத்தின் பொடியெழுத்துக்குச் செய்திருக்கிறார். விதியை எழுதியவனுக்கு அதன் அர்த்தத்தின் மேல் தனியுரிமை கிடைக்கவில்லை.

ஃபேன்டுவல்? நாலு நாளில் 82,610 டாலரையும் கொடுத்துவிட்டது. பத்திரிகைகளில் பேச்சு பெரிதாகியிருந்தது, மாநிலக் கட்டுப்பாட்டுத் துறையும் விசாரிக்கத் தொடங்கியிருந்தது. அறிக்கையில் கடன் என்ற வார்த்தை வரவில்லை. இந்தத் தடவை எங்கள் செலவு என்கிற தோரணைதான்.