பூட்டு உடைக்கல, சாவியோட வந்தது: துறைமுகத்தை நிறுத்திய நாட்பெட்யா

காசிமேடு பக்கம் ஜீரோ கேட்டுக்காக ட்ரெய்லர் லாரிங்க வரிசையா நிக்கிறதை வடசென்னைக்காரங்க பார்க்காம இருக்க முடியாது. உள்ளே போக பாஸ் வேணும், சிஐஎஸ்எஃப் சோதிக்கும், கண்டெய்னர் சீலையும் பார்ப்பாங்க. ஒரு இடத்துல தப்பினா அடுத்த இடத்துல மாட்டணும். நெட்வொர்க் பாதுகாப்பையும் இப்படித்தான் அடுக்கடுக்கா வைக்கணும். வைக்கலைன்னா?

2017 ஜூன் 27. மும்பை ஜவஹர்லால் நேரு துறைமுகத்துல மேர்ஸ்க் குழுமத்தோட கண்டெய்னர் முனையம் முடங்கிப் போச்சு. காரணம் நாட்பெட்யா. அது கிளம்பினது உக்ரைன்ல, மீடாக்ங்கிற வரிக்கணக்கு சாஃப்ட்வேரோட அப்டேட்டுக்குள்ள ஒளிஞ்சு. தினமும் நம்பி கதவு திறந்து விடுற ஆள் மாதிரி. அப்போ வாசல் காவல் என்ன பண்ணும்?

இதுல எனக்கு முக்கியமா படுறது அடுத்த கட்டம்தான். அது பயன்படுத்தின விண்டோஸ் ஓட்டைக்கு மைக்ரோசாஃப்ட் மார்ச் மாசமே பேட்ச் கொடுத்திருந்தது. ஆனா பேட்ச் போட்ட மெஷினும் விழுந்துச்சு. ஏன்னா, பிடிச்ச ஒரு மெஷினோட மெமரில இருந்த அட்மின் பாஸ்வேர்டைத் திருடி, பக்கத்து மெஷின்ல முறையா லாகின் பண்ணிட்டுப் போச்சு. நடுவுல தடுப்புச் சுவர் இல்லைன்னா ஒடேசாவும் மும்பையும் ஒரே ரூம்தான்.

மேர்ஸ்க் 4,000 சர்வர், 45,000 கம்ப்யூட்டரை பத்தே நாள்ல திரும்ப நிறுவுச்சு. யாருக்கு எந்த அனுமதின்னு வச்சிருக்கிற டொமைன் கன்ட்ரோலர் எல்லாம் அழிஞ்சிருந்தது, கானாவுல இருந்த ஒண்ணைத் தவிர. அங்கே அப்போ கரண்ட் கட்! (நாம ஈபியைத் திட்டுற திட்டுக்கு...) நெட்வொர்க்கை விட்டு விலகி நிக்கிற பேக்கப் திட்டம் போட்டு இருந்திருக்கணும், அதிர்ஷ்டத்துல கிடைச்சது.

கூடங்குளத்துல 2019-ல வேற மாதிரி. நிர்வாக நெட்வொர்க்ல இருந்த ஒரு கம்ப்யூட்டர்ல மால்வேர் நுழைஞ்சதை அணுமின் கழகமே ஒத்துக்கிச்சு. உலையை இயக்குற நெட்வொர்க் தனியா இருந்ததால அங்கே போகலைன்னும் சொன்னாங்க. முதல் அடுக்கு போச்சு, அடுத்தது நின்னுச்சு.

திருவொற்றியூர், மணலி பக்கம் சரக்கு கிடங்கு ஆபீஸ்ல வேலை பார்க்கிறவங்க ஒண்ணு செக் பண்ணுங்க: எடைமேடை கம்ப்யூட்டர், சிசிடிவி, பில்லிங், டிரைவருக்குக் கொடுக்கிற வைஃபை எல்லாம் ஒரே ரவுட்டர்லயா? எல்லாத்துக்கும் அட்மின் பாஸ்வேர்டும் ஒண்ணேதானா?