மயிரிழையின் சாட்சியம்

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் உள்ள பெற்றோர் இப்பொழுதெல்லாம் பாடசாலை அதிபரிடம் கேட்கும் கேள்விகளுள் ஒன்று, பிள்ளையின் தலைமயிரைச் சோதித்தால் அவன் போதைப்பொருள் பாவித்தானா என்பதை அறியலாமா என்பதாகும். அறியலாம். ஆனால், அவ்வறிவு எத்துணை உறுதியானது என்பதையே நேயர்கள் இன்று சிந்திக்க வேண்டுகின்றேன்.

மயிர்வேரை நுண்ணிய குருதிக் குழாய்கள் ஊட்டுகின்றன. குருதியில் ஓடும் போதைப்பொருளின் மிகச் சிறு பங்கு அவ்வழியே மயிருக்குட் புகுந்து, மயிர் வளர வளர அதனுடனேயே வெளிவருகின்றது. தலைமயிர் மாதமொன்றுக்கு ஏறத்தாழ 1 சென்ரிமீற்றர் வளரும். ஆகவே, பின்தலையில் தோலை ஒட்டி வெட்டிய கற்றையொன்றின் முதல் 3 சென்ரிமீற்றரில் ஏறக்குறைய மூன்று மாதத்துச் சரித்திரம் அடங்கியிருக்கும். சிறுநீரோ பெரும்பாலும் சில நாட்களின் செய்தியையே சொல்லும். ஆயினும், நேற்றுப் பாவித்தது மயிரில் இன்று தெரியாது; அப்பகுதி தோலுக்கு வெளியே வளர்ந்து வர ஒரு வாரமளவு செல்லும். ஹெரோயின் பாவித்தோரின் மயிரில் அபினினப் பொருள்களை இவ்வாறு கண்டறிந்த செய்தி 1979ஆம் ஆண்டில் அமெரிக்காவிலிருந்து வெளிவந்தது.

மயிரை முதலிற் கழுவுதல் வேண்டும். பிறர் விட்ட புகையும் மயிரிற் படியுமன்றோ! பின்னர் விரைவான முதற் சோதனை நிகழும். அது சந்தேகத்தை எழுப்புவது மாத்திரமே. வாயு நிறப்பகுப்பி, திணிவு நிறமாலைமானி முதலிய கருவிகளால் நடைபெறும் இரண்டாவது சோதனையே அச்சந்தேகத்தை உறுதி செய்யவோ நீக்கவோ வல்லது.

இந்த இரண்டாவது படியைக் கைவிட்டால் விளைவது யாது? எம்மவர் பெருந்தொகையாய் வாழும் ரொறன்ரோ நகரிலே, சிறுவர் மருத்துவமனையொன்றைச் சார்ந்து மதரிஸ்க் என்னும் ஆய்வுகூடம் இயங்கியது. பிள்ளைப் பாதுகாப்பு விவகாரங்களுக்காக 2005 முதல் 2015 வரை 16,000க்கு மேற்பட்டோரின் மயிரை அது சோதித்தது. 2010 வரை பெரும்பாலும் முதற் சோதனையையே அது நம்பியிருந்தது. மயிரைக் கழுவுவதும் வழக்கமாயிருக்கவில்லை. அம்முடிவுகள் வழக்குகளுக்கு நம்பத்தக்கன அல்லவென 2015இல் நீதியரசர் லாங் அறிக்கையிட்டார். பின்னர் அமைந்த ஆணைக்குழு 1,271 வழக்குகளை ஆராய்ந்து, 56 வழக்குகளின் முடிவில் அச்சோதனை கணிசமான பங்கு வகித்ததென 2018இற் கூறியது. நான்கு வழக்குகளிலேதான் பிள்ளைகள் பெற்றோரிடம் மீண்டனர். ஏனைய பிள்ளைகள் வேறு இல்லங்களில் வளர்ந்துவிட்டார்கள்; தீர்ப்பைத் திருத்தலாம், கழிந்த ஆண்டுகளை யார் திருத்துவது?

நம்மவர் கவனிக்கத்தக்க வேறொன்றும் உண்டு. மயிருக்குக் கருமை தரும் மெலனின், கொக்கேயின் முதலியவற்றைக் கூடுதலாகப் பற்றிக்கொள்ளும். ஒரே அளவு உட்கொண்ட இருவருள் கருமயிருடையவரிடத்தே மிகுதியாகக் காணப்படக்கூடும். பொஸ்ரன் நகரப் பொலீஸாருக்கு 1999 முதல் நடந்த மயிர்ச் சோதனை கறுப்பினத்தவரையே கூடுதலாகப் பாதித்ததென 2014இல் மேன்முறையீட்டு நீதிமன்றமும் கண்டது. மாறாக, காலி வீதிச் சலூனில் வெளிறச் செய்து நிறமூட்டிய மயிரில் உள்ள பொருளும் குறைந்து காட்டும்.

இலங்கையில் வழக்குகளிற் கைப்பற்றிய பொருளைப் பகுப்பாய்வது அரச இரசாயனப் பகுப்பாய்வுத் திணைக்களத்தின் பணி. பிள்ளையைப் பற்றி ஐயமுற்ற பெற்றோருக்கோ, 1984இல் நிறுவப்பட்ட தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபை ஆலோசனையும் சிகிச்சையும் வழங்குகின்றது. உறங்கும் மகனின் மயிரை இரகசியமாகக் கத்தரித்து எங்கோ அனுப்புவதிலும், அங்கே அவனையும் அழைத்துச் செல்வது மேலென்பது என் கருத்து.

கதிர்காம நேர்த்திக்கு மொட்டையடித்த பிள்ளையாயின் என் செய்வதென ஒருவர் வினவினார். உடலின் பிறவிடத்து மயிரையும் சோதிக்கலாம்; அது வேறு வேகத்தில் வளர்வதாற் மாதக்கணக்கை அதனின்று பெற இயலாது.